சிமெண்டைக் கழுவிய லாரிக்காரர்

புத்தூர் ரோட்டில் என் டீக்கடைக்கு எதிரே, கத்தி ஏந்திய வீரனைச் செதுக்கிய பழைய நடுகல் ஒன்று இருக்கிறது. தண்ணி லாரி ஓட்டிவரும் ஒருவர் தினமும் என் கடையில் நிறுத்துவார். ஆள் ஒல்லி. எப்போதும் முறைத்த பார்வை. டீ குடிக்கும் முன் லாரி பைப்பைப் பிடித்து அந்தக் கல்லின் புழுதியைக் கழுவிவிடுவார்.

திருவிழா வந்ததும் கோயில் கமிட்டிக்காரர்கள் கல்லைப் புதுப்பிக்கக் கிளம்பினார்கள். தேய்ந்த முகத்தில் சிமெண்டை அப்பி மேஸ்திரி புது மூக்கு வடித்துக்கொண்டிருந்தபோது லாரி வந்து நின்றது.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீறீங்க? உங்க நைனாவுக்கு வயசாச்சுன்னா மூஞ்சில சிமெண்ட் பூசுவீங்களா?"

"தண்ணி ஊத்துறதுதானே உன் வேல? அதப் பாரு போ," என்றார் கமிட்டித் தலைவர்.

"அதத்தான் பாக்குறேன்" என்று பைப்பைத் திறந்துவிட்டார். ஈரச் சிமெண்ட் கரைந்து தலைவரின் வெள்ளை வேட்டியில் தெறித்தது. அடித்தே போட்டுவிடுவார்களோ என்று நான் கடையை விட்டு ஓடிவந்தேன். லாரிக்காரரோ தன் துண்டால் வீரனின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேறு டிரைவர் வந்தார். தலைவர் போன் போட்டு, பழையவரைத் திருப்பதிப் பக்கம் மாற்ற வைத்துவிட்டாராம். அன்றைக்கே மறுபடி பூசிவிட்டார்கள். இப்போது வீரனுக்கு உப்பிய கன்னம், பெயின்ட் மீசை, அசப்பில் தலைவரேதான். ஊரே அதற்குக் கற்பூரம் காட்டுகிறது. எங்கிருந்தோ வந்த அந்த ஆளுக்கு மட்டும் அது ஒரு மனுஷனின் முகமாக எப்படித் தெரிந்தது?