குடியிருப்போர் எல்லாரும்

புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது கேத்தூராவுக்கு முப்பத்தொரு வயது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவில், நியூஜெர்சியில், ஓர் ஆப்பிள் தோட்டமும் ஐந்து பசுக்களும் அவள் பெயருக்கு வந்தன. கூடவே ஓட்டும் வந்தது. மாநிலத்து அரசியல் சட்டம், ஓரளவு சொத்துள்ள 'குடியிருப்போர் எல்லாருக்கும்' ஓட்டு என்றது. ஆணென்றும் சொல்லவில்லை, பெண்ணென்றும் சொல்லவில்லை. தெரிந்து எழுதினார்களோ, தூக்கக் கலக்கத்தில் எழுதினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒரே சிக்கல், மறுபடி கல்யாணம் செய்தால் சொத்து புருஷனுக்குப் போய்விடும். சொத்துப் போனால் ஓட்டும் போச்சு.

பீப்பாய் செய்கிற ஒபதியா மூன்று வருஷம் விடாமல் வந்து கேட்டான். நல்லவன். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

"ஒரு துண்டுச் சீட்டுக்காகவா என்னை வேண்டாங்கறே?"

"உனக்கு அது துண்டுச் சீட்டு. பொறந்ததுலேர்ந்து உன் அபிப்பிராயம் என்னன்னு என்னை யாரும் கேட்டதில்ல, ஒபதியா. வருஷத்துல அந்த ஒருநாள்தான் கேக்கறாங்க."

அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். கேத்தூரா தனியாகச் சமைத்தாள், தனியாகச் சாப்பிட்டாள், பத்து வருஷம் அக்டோபர்தோறும் ஓட்டுப் போட்டாள். வாக்குப்பெட்டியைக் கட்டிக்கொண்டவள் என்று ஊர் கேலி பேசியது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

1807 கடைசியில் புதுச் சட்டம் வந்ததாகக் கேள்விப்பட்டாள். அரசியல் சட்டத்துக்கு முன்னால் அது செல்லாது என்று நம்பி, அடுத்த அக்டோபரிலும் தனக்குப் பிடித்த வேட்பாளர் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு மதுக்கடைக்குப் போனாள். அங்கேதான் ஓட்டுப் பெட்டி. வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒபதியா நின்றான். பெட்டியருகே உட்கார்ந்திருந்த கொர்னேலியுஸ், அவள் பக்கத்துத் தோட்டக்காரன், அவள் முகத்தைப் பார்க்காமலே கையால் பெட்டியை மூடினான்.

"இனிமே வெள்ளை ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்க்கா."

"எல்லாரும்னு இருந்துச்சே, அதை எடுத்துட்டாங்களா?"

"அதுல ஒரு எழுத்துகூட மாத்தல. எல்லாரும்னா யாருன்னு வெளக்கம் குடுத்திருக்காங்க, அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள்.

"அப்ப நான் இங்க குடியிருக்கலையா, கொர்னேலியுஸ்?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அவள் வரிசையை விட்டு நகரவில்லை. தனியாகக் கழித்த அத்தனை வருஷமும் ஒரே மூச்சில் நினைவுக்கு வந்தது. எதற்காக அப்படி இருந்தோம் என்று நினைத்தாள்.

ஒபதியா குனிந்து மெல்லச் சொன்னான். "சீட்டை இங்க குடு. என்னுதுக்குப் பதிலா இதைப் போட்டுடறேன்."

பாவி, நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சண்டை போடத் தெம்பில்லாமல் கொடுத்துவிட்டாள்.

அவன் அதைப் பெட்டியில் போட்டான். கொர்னேலியுஸ் பேனாவை மையில் தொட்டு, ஓட்டுப் போட்டவர் பெயரை எழுதினான்: ஒபதியா.