ஓடுபாதையில் படுத்த ஆடுகள்

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய சின்ன விமான நிலையத்தின் கம்பிவேலிக்கும் தாஜ் பீவிக்கும் பல வருடப் பகை. வேலிக்கு உள்ளே புல் இடுப்பளவு நிற்கும். வெளியே அவளுடைய ஆடுகள் பசியோடு நிற்கும். எங்காவது சந்து கிடைத்தால் ஆடுகள் நுழையும். காவலாளி கலியமூர்த்தி தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். இவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நிற்பாள். அத்தி பூத்தாற்போல் விமானம் வருகிற அந்த இடத்தில், தினமும் தவறாமல் நடந்த போக்குவரத்து இது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து பவித்ரா வந்து இறங்கினாள். விமான நிலையங்களைப் பசுமையாக்க யோசனை சொல்லும் ஒரு தனியார் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. விமானப் புகையைக் குறைக்கத்தான் வந்தாள். பாவம், குறைப்பதற்கு விமானம் அகப்படவில்லை. கூரையில் சோலார் தகடு போட்டார்கள். யாரும் உட்காராத கூடத்தில் விளக்குகளை மாற்றினார்கள். அப்புறமும் புகை விடுவது யாரென்று தேடியபோது, டீசலில் ஓடும் புல்வெட்டும் வண்டி கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. வெளிநாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் புல்லை மேய ஆடு விடுகிறார்களாம். இங்கேயும் விடலாமே என்றாள் பவித்ரா.

நேற்றுவரை அத்துமீறி நுழைந்த ஆடுகள் ஒரே நாளில் சுற்றுச்சூழல் பங்குதாரர்கள் ஆகிவிட்டன. தாஜ் பீவியின் கழுத்தில் படம் போட்ட அட்டை ஏறியது. முதல் நாள் காலை, முன்வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"கதவ நல்லா தொறங்கண்ணே. செனையாடு வந்துகினு இருக்குது, இடிச்சிக்கப் போவுது."

கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தார்.

அவள் கணவர் சாகுல் ஹமீது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையிலேயே தலை நரைத்தவர். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத்தான் கெடைக்கல. ஒன் ஆடுங்களாச்சும் பர்மனன்ட் ஆவுதா பாப்போம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அன்று தாஜ் பீவிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பசுமைச் சான்றிதழ் வழங்க விழா வைத்தார்கள். புகையைக் குறைத்ததற்கான அந்தச் சான்றிதழைக் கொடுக்க, விருந்தினர் சென்னையிலிருந்து தனி விமானத்தில் வருவதாக ஏற்பாடு. "ஆடுங்க மேயறத மேலேர்ந்தே அவரு பாக்கணும்மா" என்று பவித்ரா தாஜ் பீவியிடம் சொல்லியிருந்தாள்.

முந்தின இரவு மழை. ஈரப்புல்லில் வாய் வைக்க ஆடுகளுக்கு மனமில்லை. விடிந்ததும் சுள்ளென்று அடித்த வெயிலில் ஓடுபாதைதான் முதலில் காய்ந்தது. பங்குதாரர்கள் அனைவரும் அதன்மேல் போய்ப் படுத்து அசைபோட்டார்கள்.

விமானம் வந்தது. இறங்க இடமில்லாமல் வட்டமடித்தது. மறுபடி வட்டமடித்தது. கீழே அதிகாரிகளின் கார்கள் ஏசி நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தன. கலியமூர்த்தி ஜீப்பில் சைரனை அலறவிட, படுத்திருந்த ஆடுகளும் எழுந்து ஓடுபாதை நெடுக ஓடின.

"சைரன நிறுத்துங்கண்ணே! புள்ளத்தாச்சி ஆடு அதுல இருக்குதே!" என்று கத்தியபடி தாஜ் பீவி ஓடினாள். மூச்சிரைக்க "பா... பா..." என்று கூப்பிட்டாள். பழகிய குரல் கேட்டு ஆடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சினையாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தபின்தான் அவளுக்கு உயிர் வந்தது.

விருந்தினர் இறங்கினார். "ஆகா, எவ்வளவு தூய்மையான காற்று!" என்றார். பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்து கொடுத்தார்கள். மேலே வட்டமடித்த புகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சான்றிதழ் கைமாறியது.

மறுநாளே பாதுகாப்புப் பிரிவு ஆடுகளை வெளியேற்றியது. தாஜ் பீவியின் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். அன்று வாசலில் அவள் சண்டை போடவில்லை. அதுதான் கலியமூர்த்திக்கு என்னவோபோல் இருந்தது. டீசல் வண்டி திரும்பி வந்து அவர் மூக்குக்கு நேரே கருப்பாகக் கக்கியதும், இருமிக்கொண்டே போய் மேலாளரிடம் ஆட்டுக்காக வாதாடினார்.

கூட்டம் போட்டார்கள். பவித்ராவும் போனில் சேர்ந்துகொண்டாள். கடைசியில் ஒருமனதாக முடிவாயிற்று: விமானம் வராத நாட்களில் மட்டும் ஆடுகள் மேயலாம்.

சேதி சொல்லக் கலியமூர்த்தியே அவள் வீடு தேடி வந்தார்.

"வராத நாளுன்னா?" என்றாள் தாஜ் பீவி.

"தெனமும் ஓட்டிகினு வாக்கா. வந்தா நா போன் பண்றேன்."