யார் நினைத்த விக்கல்

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு சரவணம்பட்டி வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே எனக்கு விக்கல் பிடித்தது. நாடித்துடிப்பு மிகவும் குறைந்துவிட்டது என்று, இடது தோளுக்குக் கீழே சின்னக் கருவியைப் புதைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இதயத்துக்குள் விட்டிருந்தார்கள். இடது கையைத் தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நானா கேட்கிற ஆள்? பரண்மேல் இருந்த போர்வையை எட்டி இழுத்துவிட்டேன்.

விக்கலுக்குத் தண்ணீர் குடித்தேன், சர்க்கரை தின்றேன். என் மனைவிக்கு வேறு வைத்தியம் தெரியும். யாரோ நினைக்கிறார்கள், சரியான ஆளின் பேரைச் சொன்னால் நின்றுவிடும் என்றாள். மகள், சம்பந்தி, மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தோம். நிற்கவில்லை. ஆனாலும், நம்மை நினைக்க இத்தனை பேர் இருக்கிறார்களே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு பேரை மட்டும் இருவரும் வாயில் எடுக்கவில்லை. வெள்ளகோவிலில் இருக்கும் என் அக்கா. தன் பேரன் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார் என்று நான் போகவில்லை. அதோடு பேச்சு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன.

மறுநாள் விக்கலோடு தலைசுற்றலும் சேர்ந்தது. மனைவி பயந்துபோய் எனக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். மதியத்துக்குள் அக்கா வந்து நின்றார். "வாங்கக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு விக்கல். கட்டிலில் உட்கார்ந்து என் வயிறு துள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நெனச்சு வந்த விக்கலா இருந்தா, நான் வந்ததும் நின்னிருக்கோணும் சாமி. இது வேற என்னமோ. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கம்பி இடம் மாறிவிட்டது என்றார். இதயத்துக்குப் போக வேண்டிய மின்சாரம் வயிற்றுக்கு மேலுள்ள தசையைச் சீண்டிக்கொண்டிருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றைக்கே கம்பியைச் சரியாகப் பொருத்தினார்கள். விக்கல் நின்றது.

வீடு திரும்பும்போது காரில் அக்கா என் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார், நான் எங்கேயாவது தூக்கிவிடுவேன் என்று. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இடையில் எப்போதாவது என்னை நினைத்தீர்களா என்று கேட்டேன்.

"நெனைக்காத நாளு ஏது சாமி. உனக்குத்தான் ஒரு விக்கல்கூட வரலை."