கொலையாளி யார் என்று கேட்டவர்

பாரிஸின் லா ஷப்பல் நிலையத்தில் ரயிலை விட்டிறங்கி, ரூ லூயி-பிளாங் தெருவில் உள்ள உணவகத்துக்கு வருகிறேன். என் துப்பறியும் தொடரைப் படித்துவிட்டு வாரந்தோறும் சென்னையில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைக்கும் நாதன் இங்கேதான் சமையல்காரர். பாரிஸுக்கு வந்தால் தன் கையால் செய்த கொத்து ரொட்டியைச் சாப்பிட வேண்டும் என்பார். சில வாரங்களாக அவர் அழைக்கவில்லை.

கல்லாவில் இருக்கும் அவர் மனைவி, என் பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்கிறார்.

"அவர் போன மாசம் தவறிட்டார், ஐயா. நெஞ்சு வருத்தம்."

கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் வடைகளையே பார்க்கிறேன். அவர் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார்.

"ஆஸ்பத்திரியிலையும் உங்கடை கதைதான் வாசிச்சவர். சமையல்காரன் கொலை செய்திருக்க மாட்டான் எண்டு என்னோடை ஒரே சண்டை. உண்மையைச் சொல்லுங்கோ, அவனோ செய்தது?"

"இல்லம்மா, அவன் செய்யல."

அவர் முகம் மலர்கிறது.

"ஓம், அவர் சொன்னது சரிதான். கடைசி அத்தியாயம் இஞ்சை வரட்டும். அவரின்ரை படத்துக்கு முன்னாலை இருந்து சத்தமா வாசிக்கிறன்."

தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடிக்கிறேன். அந்த அத்தியாயம் அச்சாகிவிட்டது. வாசகர் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதான் சமையல்காரனைக் கொலையாளி ஆக்கினேன்.