தவளைக்காக வளர்த்த முடி

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, பாதி சோப்பு.

ஐ.டி. பையன்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலின் மெஸ்ஸில் அதுவரை பாத்திரம் தேய்த்தேன். அரிசி மூட்டைகளின் மேல் தூக்கம். எலி அதற்குக் கீழே. எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை வந்தது மேனேஜரோடுதான். ‘நாளை முதல் எலி மருந்து வைப்பதும் நீதான்’ என்றார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். எனக்குக் கிளம்புவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம்.

ஹைவேயில் பாதி தூரம் வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயாக்கடைக்குள் ஒதுங்கினேன். உள்ளே மழையைவிடப் பெரிய சத்தம்.

இரண்டு இளைஞர்கள், நடுவில் ஒரு போன். போனில் பாட்டு. ஒருவன் மணிகண்டன். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த குடும்பம். இடுப்பைத் தொடும் தலைமுடி. இன்னொருவன் ஜிதின், அவனுடைய ஆபீஸ் நண்பன். மலையாளி.

“ஒறிஜினல் தன்னெடே! குரலைக் கேட்டா மனசிலாகலையா?” — இது மணி.

“போடே. குரல் சுருதியோட சேர்ந்து நிக்குது. நம்ம பாட்டுக்காரன் என்னைக்கு சுருதியில பாடியிருக்கான்? கள்ளம். ஏஐ பண்ணினது.”

“ஏஐக்கு ஜலதோஷம் பிடிக்குமா? அஞ்சாவது பாட்டுல மூக்கை உறிஞ்சறது கேக்குதுல்ல?”

“மூக்கை உறிஞ்சுன்னு சொன்னா அதையும் உறிஞ்சும் அளியா!”

விஷயம் இதுதான். ‘இரும்புத் தவளை’ என்று ஒரு ராக் பேண்ட். இரண்டு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள். மூன்றாவது ஆல்பம் லீக் ஆகிவிட்டதாக இணையத்தில் ஒன்று சுற்றுகிறது. அவர்களுடையதா, யாரோ செய்த போலியா? ரசிகர்கள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறார்கள்.

பொழுதுபோகாத சண்டை என்றுதான் நானும் நினைத்தேன். மணியின் போன் அடிக்கும்வரை.

ஸ்பீக்கரில் ஒரு பெண். நாகர்கோவில் சுபா, அவனுக்குப் பேசி வைத்திருக்கும் பெண்.

“அப்பா நாளைக்கு மத்தியானம் ரயில்ல வந்து எறங்குவாரு கேட்டேளா. போட்டோவைப் பாத்துட்டு, ‘எம் பொண்ணுக்கு இன்னொரு பொண்ணையா கட்டி வைக்கது’ன்னு கேக்காரு. முடியோட நின்னேளோ, அடுத்த ரயில்ல திரும்பிருவாரு. நான் என்ன செய்யட்டும்?”

“வெட்டுனா சாமி குத்தம் ஆயிடும் சுபா...”

“ஆமா, தவளைக்கு நேந்துக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான்!” போன் கட்.

ஆம், நேர்ச்சை! இரண்டாவது ஆல்பம் வந்த கையோடு பேண்ட் உடைந்துவிட்டதாகச் செய்தி பரவியதாம். மணி நேரே போய்ப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டுவிட்டான். மூன்றாவது ஆல்பம் வரும்வரை தலையில் கத்திரி படாது. பிள்ளையாருக்கு ராக் பிடிக்குமா என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகவே, ஆல்பம் அசல் என்றால் முடியை வெட்டலாம், கல்யாணம் நடக்கும். போலி என்றால் நேர்ச்சை பாக்கி, மாமனார் அடுத்த ரயில். ஒரு கல்யாணம் ஒருவனுடைய மூக்குறிஞ்சலில் தொங்கி நான் பார்த்தது இதுதான் முதல் முறை.

சட்டென்று மணி என் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. கேட்டா எப்படி இருக்கு?”

“ஒரு அண்டா நிறைய பாத்திரம் மாடிப்படியில உருண்ட மாதிரி இருக்கு” என்றேன். நான் பார்த்த தொழில் அப்படி.

“பாத்தியாடே! முதல் ஆல்பத்துக்கும் எங்க அப்பா இதையேதான் சொன்னாரு!”

நம்ப விரும்புகிறவனுக்குக் காது எதற்கு? ஒரு காரணம் போதும்.

ஜிதின் மசியவில்லை. கடைசியில் மணி ஒரு வழி சொன்னான். “எங்க வீட்டுல எதுக்கும் பூக்கட்டிப் பாப்பாங்க. இதுக்கும் பாத்துரலாம்.”

ஜிதின் சிரித்த சிரிப்பில் சாயா மேசையில் தெறித்தது. “கம்ப்யூட்டர் படிச்சவனாடே நீ?” சிரித்து முடித்துவிட்டு, “சரி. பூவை நான் கட்டறேன். நான் எதிர்க்கட்சி. நாளைக்கு ஒருத்தனும் குறை சொல்ல முடியாதல்லோ” என்றான்.

நியாயம்தானே? கடைப் பிள்ளையார் படத்தில் சிவப்பும் வெள்ளையுமாக மாலை. சிவப்பு வந்தால் போலி, வெள்ளை வந்தால் அசல். ஜிதின் பூவைக் கிள்ளிக்கொண்டு திரும்பி நின்று இரண்டு காகிதப் பொட்டலம் கட்டினான். படத்துக்கு முன்னால் வைத்தான். சம்பந்தமில்லாத ஆள் எடுக்கவேண்டும் என்பது முறை. அங்கே என்னைவிடச் சம்பந்தமில்லாதவன் யார்?

எடுத்தேன். மணி பிரித்தான். வெள்ளை!

அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். சுபாவுக்குப் போன் போட மழையிலேயே வெளியே ஓடினான்.

மேசையில் குப்பை கிடந்தால் என் கை சும்மா இருக்காது. மெஸ் பழக்கம். மிச்சப் பொட்டலத்தை எடுத்தேன், பிரிந்துகொண்டது. அதிலும் வெள்ளை.

ஜிதின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, மிண்டாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றான் மெல்ல. “பாட்டு கள்ளம் தன்னெ. அதுல எனக்கு மாற்றமில்ல. பக்ஷே அதுக்காக அவன் கல்யாணம் முடங்கணுமா?”

பிள்ளையாரைப் பார்த்தேன். அவரும் மிண்டவில்லை. பொட்டலத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் கை ராசியான கை ஆகிவிட்டது. முடிவெட்டும்போது நானும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றான் மணி. ஜிதினின் காரில், மாமனார் வந்து இறங்கும் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூருக்கே வந்தோம். லாட்ஜில் எனக்கும் ஒரு கட்டில். எலி இல்லாமல் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சலூன். மணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். பாதித் தலை முடிந்திருக்கும், ஜிதினின் போன் சிணுங்கியது. படித்தான். என்னிடம் நீட்டினான். இரும்புத் தவளையின் அறிவிப்பு: ‘சுற்றிவரும் ஆல்பம் எங்களுடையது அல்ல.’

ஒளிப்பதற்குள் மணி போனைப் பிடுங்கிவிட்டான். படித்தான். கடைக்காரர் கத்திரியை நிறுத்திவிட்டார்.

“கண்டியா!” என்று துள்ளினான் மணி. “லீக் ஆனா எந்த பேண்டும் இப்படித்தான் சொல்லும்! அப்ப ஒறிஜினல்தான்! இனியாவது சம்மதிக்கிறியாடே?”

ஜிதின் என்னைப் பார்த்தான். “ஆமா அளியா... ஒறிஜினல் தன்னெ” என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மணியை அல்ல.

கத்திரி மறுபடி ஓடியது. கடைக்காரர் தரையில் குவிந்ததைப் பார்த்துவிட்டு, “கூட்டற ஆளு ஊருக்குப் போயாச்சு. நிக்கறீங்களா?” என்றார். வேலை என்று யார் கேட்டாலும் நான் நிற்பேன், கொஞ்ச நாள். துடைப்பத்தை வாங்கிக்கொண்டேன்.

ஆல்பம் அசலா என்று என்னைக் கேட்காதீர்கள். முடி அசல். நான்தான் அள்ளினேன்.