மாரப்பன் டாக்டர் வேண்டாம் என்ற ஸ்கேன்

காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் நான்; எதையும் வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது.

1. கால்நடை மருத்துவர் மாரப்பன் அவர்கள் காலமான செய்தி வந்த விதம்.
2. என் நாய்க்கு முதல் வலிப்பு வந்தபோது அவர் செய்ததும் செய்யாததும்.
3. அவர் பெயரைக் கெடுத்த லாட்ஜ்காரர்.

செவ்வாய்க்கிழமை காலை பால்காரர் வாசலில் நின்றார். "ஏனுங்க ரைட்டரய்யா, நம்ம டாக்டரு போயிட்டாருங்க. கரடியூர் ஊட்டுலதான் வெச்சிருக்காங்க."

போனேன். இருந்தவற்றில் பெரிய மாலை லாட்ஜ்காரருடையது. "நொம்ப நல்ல மனுசனுங்க" என்று என்னிடமே சொன்னார். என் மாலையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன், காபிக் கொட்டை காயும் களத்தில் என் பிளாக்கி சாய்ந்து விழுந்தான். அப்போது அவனுக்கு மூன்று வயது. கால்கள் வெட்டி இழுத்தன, வாயில் நுரை. கடிகாரப்படி இரண்டு நிமிடம். ஒண்டிக்கடை முக்கில் டாக்டர் வைத்திருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் ஊசியை எடுக்கவில்லை. எலி மருந்து தின்றதா, மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தைப் பூசினேனா, தலையில் அடிபட்டதா என்று கேட்டார். எதுவும் இல்லை. நரம்பைச் சோதிக்க முன்னங்காலை மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வைத்தார். பிளாக்கி உடனே காலைத் திருப்பி ஊன்றினான். நான்கு கால்களுக்கும் அப்படியே. பிறகு வாசலில் நடக்கவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தார்.

"ரத்தமும் மூத்திரமும் சோதிச்சிரலாமுங்க. சர்க்கரை, ஈரல், கிட்னி, கால்சியம். இப்போதைக்கு அது போதும்."

"தலையை ஒரு ஸ்கேன்..."

"அதுக்கு மயக்க மருந்து குடுக்கணுமுங்க. ஏனுங்க, படம் நாய்க்கா, உங்க பயத்துக்கா?" சிரித்தார். "இன்னொருக்கா வந்தாலோ, நடை மாறுனாலோ நானே உங்ககூடக் கீழ சேலத்துக்கு வர்றேன். அதுவரைக்கும் தேதி, நேரம், எத்தனை நிமிசம்னு எழுதி வைங்க. ரைட்டருக்குச் சொல்லியா தரணும்?"

மூன்றாம் நாள் முடிவுகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தன. நோட்டில் இரண்டாவது வரி எழுத வேண்டிய தேவை இன்றுவரை வரவில்லை.

ஆனால் அதற்குள் லாட்ஜ்காரர் டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார். "ஒரு மணி நேரம் நாயை வேடிக்கை பாத்துட்டு அனுப்பிச்சுட்டாராமா. வயசாயிருச்சுங்க." அந்த ஒரு மணி நேரம்தான் வைத்தியம் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாய் தும்மினால்கூடக் காரில் ஏற்றிச் சேலத்துக்கு இறக்கினார்கள். டாக்டரின் பெஞ்சு காலியானது. இரண்டு வருடத்தில் கிளினிக்கைப் பூட்டினார். பூட்டவைத்தவர்கள்தான் சாவு வீட்டில் பூமாலையோடு வரிசையில் நின்றார்கள்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வரிசையில் மூன்றாம் எண் தவறு. லாட்ஜ்காரர் கிளினிக்கில் இருக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? முடிவுகளுக்குக் காத்திருந்த அந்த மூன்று நாளில், டீக்கடையில், பயத்தில் நான்தான் சொன்னேன்: "ஸ்கேன் வேண்டாங்கிறாரு. வயசாயிருச்சோ என்னவோ." முடிவுகள் வந்த பிறகு அதே கடைக்குப் போய் நான் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. ஏழு வருடமாகச் சொல்லவில்லை.

பிளாக்கி என் காலடியில் படுத்திருக்கிறான். போய் வாருங்கள் டாக்டர். மூன்றாம் எண்ணுக்கு எதிரே இருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்கிறேன்.