பதினோராம் கதவு

சாரம் கடைத்தெருவில் தையற்காரர் என் இடுப்பை அளந்து, பேன்ட் துணியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "தொப்பைய உள்ள இழுக்காதீங்க சார், அப்புறம் பட்டன் போட முடியாது" என்றார். மூச்சை விட்டேன். அளவில் பொய் காட்டுவது என் பழைய பழக்கம். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்தைந்து வாக்கில், துறைமுகத்தையொட்டி, கடற்படைக்குச் சிறு கப்பல்கள் கட்டிய ஒரு தளத்தில் வேலை பார்த்தேன். குழாய், பம்பு, கதவு எல்லாவற்றையும் சோதிக்கும் ஆறு டெக்னீஷியன்களுக்கு நான் மேற்பார்வையாளன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் 'முசியே', அதாவது ஐயா, என்று பட்டப்பெயர். "முசியே வராரு, பீடிய அணைடா" என்று என் காதுபடவே சொல்வார்கள். புது பெயின்ட்டும் டீசலும் கலந்த வாடை எங்காவது வந்தால் இன்றும் அதிகாரியைப் போல நிமிர்ந்துகொள்கிறேன். கூன் முதுகுக்கு நல்ல பயிற்சிதான்.

அந்த ஆறு பேரில் ஏழுமலை கனகசெட்டிக்குளத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. இது நடந்த மாதம்தான் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

தண்ணீர் புகாத கதவுகளைச் சோதிப்பது எளிது. நிலையின் விளிம்பில் சாக்பீஸைத் தடவி, கதவை இறுகச் சாத்தித் திறப்போம். கதவு ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபடாமல் பதிந்திருந்தால் சரி. அறுந்த இடத்தில் தண்ணீர் வரும். பதினோராம் கதவின் கீழ் மூலையில் நான்கு விரல் அகலத்துக்குக் கோடே இல்லை.

"ரப்பர மாத்தணும் சார். ரெண்டு நாளாவும்" என்றான் ஏழுமலை.

"நேவி இன்ஸ்பெக்டர் டீ குடிச்சிட்டு வந்துடுவாருப்பா."

"தண்ணி என்னா, இன்ஸ்பெக்டரக் கேட்டுக்கினா சார் வரும்?" என்று சிரித்தான்.

சாக்பீஸை அவன் கையிலிருந்து வாங்கி, இல்லாத இடத்தில் நானே தேய்த்துக் கோட்டை இணைத்தேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், தலையசைத்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அதே கதவில் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியபோது, அந்த மூலையிலிருந்து உள்ளே வழிந்து இன்ஸ்பெக்டரின் ஷூவை நனைத்தது.

"யாரு செக் பண்ணது?" என்றார் மேலாளர்.

ஏழுமலை என்னைப் பார்த்தான்.

"ஏழுமலதான் சார். அவன நம்பிட்டேன்" என்றேன்.

அறிக்கையையும் நானே எழுதினேன், பிழையில்லாத ஆங்கிலத்தில். அவன் பெயருக்கு எதிரே 'அலட்சியம்'. பட்டியலிலிருந்து பெயர் போயிற்று, மாதக் கடைசியில் வேலையும் போயிற்று. கேட்டில் பாஸைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னான்: "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் முசியே." நேருக்கு நேர் அவன் என்னை அப்படி அழைத்தது அன்றுதான்.

குடும்பத்துக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒன்றுமில்லை. ஓய்வுபெறுமுன் ஒரு பதவி உயர்வு வர இருந்தது, அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பிறகு, உண்மையை எழுதிக் கொடுக்கலாமென்று ஒருநாள் அங்கே போனேன். தளம் மூடிக் கிடந்தது. கிரேன் இல்லை, கொட்டகை இல்லை. "ஃபைலெல்லாம் அப்பவே பழைய பேப்பர்காரன் தூக்கிக்கினு பூட்டான் சார்" என்றார் வாட்ச்மேன்.

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்னும் அதிக வெட்கம். ஏழுமலையின் கனகசெட்டிக்குளத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் இதுவரை ஏறியதில்லை.